கரும்புத் தோட்டத்துப் படங்கள்



பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாம் வகுப்பில் சர்க்கரை உற்பத்தியைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பழைய ஆங்கில ஓவியம் ஒன்றின் படியைக் கரும்பலகையின்மீது தொங்கவிட்டிருந்தேன். தெளிந்த வானம், தொலைவிலே காற்றாலைகள், முன்புறத்தில் நீண்ட வரிசையாக நின்று மண்ணைக் கொத்தும் கருநிற மக்கள். கடைசிப் பலகையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. "ஐயா, இவர்களுக்கு நாட்கூலி எவ்வளவு?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாமலில்லை. ஆண்டுதோறும் அப்படத்தைக் காட்டி வந்த நான் அதை ஒருமுறையேனும் வகுப்பில் சொன்னதில்லை. அதுதான் என் குறை. கூலி என்பதே இல்லை. அவர்கள் அடிமைகள்.

அப்படம் வில்லியம் கிளார்க் என்பவர் வரைந்த பத்துப் படங்களில் ஒன்று. 1823ஆம் ஆண்டு லண்டனில் அவை ஒரு தொகுதியாக வெளிவந்தன. களம், அன்று ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த ஆன்டிகுவா என்னும் மேற்கிந்தியத் தீவு. குழி தோண்டுதல், கரணை நடுதல், வெட்டுதல், ஆலையிற் பிழிதல், கொப்பரையிற் காய்ச்சுதல், சர்க்கரையைப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றுதல் எனத் தொழிலின் படிகள் பலவற்றை அவற்றிற் காணலாம். செப்புத் தகட்டின்மேல் குங்கிலியத் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, அச்சிட்ட பின்னர் கையால் வண்ணம் தீட்டும் முறையில் அமைந்தவை அவை. எளியோர் வாங்கக்கூடிய பொருளன்று.

கருவிகளையும் கட்டடங்களையும் பொறுத்தவரை கிளார்க்கைக் குறைகூற இயலாது. ஆறுகள் இல்லாத அத்தீவில் ஆலைகள் பெரும்பாலும் காற்றினாலேயே சுழன்றன என்பதை அவர் படங்களிலிருந்தே அறியலாம். அந்தக் கல்கோபுரங்கள் பல இன்றும் அங்கே நிற்கின்றன. வரலாற்றாசிரியர்கள் இப்படங்களைப் போற்றுவதற்குக் காரணமும் இதுவே.

ஆனால் ஓவியர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். கடற்படைத் தளபதி ஒருவருக்குரிய தோட்டங்களில் மூன்றாண்டு தங்கியிருந்து வரைந்தவர் அவர். உடைமையாளரின் திண்ணையிலிருந்து பார்த்தால் தோட்டம் எப்படித் தோன்றுமோ அப்படியே படத்திலும் தோன்றுகிறது. உடைகள் தூயவை, உடல்கள் கட்டானவை, முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மண்வெட்டி பிடித்த வெள்ளையர் ஒருவரையும் பத்துப் படங்களிலும் காணமுடியாது. உழைப்பது ஒரு நிறத்தார்க்கு இயல்பு, ஏவுவது மற்றொரு நிறத்தார்க்கு இயல்பு என்று ஒரு சொல்லும் சொல்லாமலே படம் சொல்லிவிடுகிறது.

உண்மையில் குழி தோண்டுவது அத்தோட்டங்களின் மிகக் கொடிய வேலைகளுள் ஒன்று. இறுகிய மண்ணில் சதுரச் சதுரமாகக் கைமண்வெட்டியாலேயே வெட்டவேண்டும். வலுவுள்ள ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக நிறுத்தப்பட்டனர். பெண்களே மிகுதியாக இருந்த அணிகளும் பல. சிறுவர்க்கோ புல் பறிக்கும் அணி தனியே இருந்தது. அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும். உறக்கக் கலக்கத்தில் கரும்பைச் செருகுவோர் கை உருளைகளிற் சிக்கினால், உடனே வெட்டி எடுப்பதற்கென்று அருகிலேயே கோடரி வைத்திருப்பார்கள். அந்தக் கோடரியைக் கிளார்க் வரையவில்லை.

அணியை ஏவி வேலை வாங்கியவரும் பெரும்பாலும் ஓர் அடிமையே. நம் தேயிலைத் தோட்ட வழக்கில் அவரைக் கங்காணி எனலாம். அவருடைய உள்ளத்தை எந்த ஓவியரும் காட்டவில்லை. ஒரு பெண் காட்டினார். மேரி பிரின்ஸ் என்பவர் பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, ஆன்டிகுவாவிற் பல ஆண்டுகள் சலவையும் வீட்டுவேலையும் செய்தவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய வரலாறு 1831இல் லண்டனில் அச்சாயிற்று. தோட்டம் ஒன்றில் நடந்த வழிபாட்டுக் கூட்டத்தில், ஹென்றி என்ற கறுப்பினக் கங்காணி, தன் மக்களைத் தானே அடித்ததை ஒப்புக்கொண்டு இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதை அவர் அதிற் கூறுகிறார். எசமானன் கட்டளையிட்டால் சொந்த மனைவியையும் சகோதரியையும்கூட அடித்தாக வேண்டும் என்று அம்மனிதர் வருந்தினாராம். கிளார்க்கின் படத்தை நான் பார்க்குந்தோறும் இந்த ஹென்றியே நினைவுக்கு வருகிறார்.

படம் வெளிவந்த காலத்தையும் கருதவேண்டும். அடிமை வணிகத்தை ஆங்கிலப் பாராளுமன்றம் 1807இல் தடைசெய்தது. அடிமை முறையோ நீடித்தது. அதை ஒழிப்பதற்கென லண்டனில் ஒரு சங்கம் தோன்றியதும் இதே 1823இல்தான். அடிமைகள் மனநிறைவோடு வாழ்கின்றனர் என்று தோட்ட உடைமையாளர் வாதித்த நாளில், இத்தகைய படங்கள் அவர்களுக்கு எத்துணை வாய்ப்பாக இருந்திருக்கும்!

எதிர்த்தரப்பினரிடமும் படங்கள் இருந்தன. புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் உள்ளமைப்பைக் காட்டும் வரைபடத்தை அவர்கள் 1788இல் வெளியிட்டனர். நூற்றுக்கணக்கான மனிதர்கள் பெட்டியிலடுக்கிய தீக்குச்சிகளைப்போல் கிடக்கின்றனர். கண்டோர் நடுங்கினர்; பல்லாயிரம் உள்ளங்களை அப்படம் திருப்பியது. ஆயினும் அதிலும் மனிதர்க்குத் தனி முகம் இல்லை. 1787இல் வெட்ஜ்வுட் என்ற மட்பாண்ட உற்பத்தியாளர் வெளியிட்ட பதக்கத்திலோ, விலங்கிட்ட ஆப்பிரிக்கர் மண்டியிட்டுக் கைகூப்புகிறார். நண்பர்கள் வரைந்தபோதும் அவரை எழுந்து நிற்கவிடவில்லை.

அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். அது முழுவதும் உடைமையாளர்க்கு. உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. மற்றத் தீவுகள் பலவற்றில் விடுதலை பெற்றவர்கள் மேலும் சில ஆண்டுகள் பழைய எசமானரிடமே கட்டுண்டு உழைக்க வேண்டியிருந்தது. ஆன்டிகுவாவிலோ உடனே முழு விடுதலை. அது இரக்கத்தின் விளைவு என்று எண்ணிவிடவேண்டா. தீவின் நிலமெல்லாம் தோட்டங்களாகவே இருந்தமையால், பயிரிட வேறு இடமின்றி அவர்கள் குறைந்த கூலிக்கு அதே வயல்களுக்குத் திரும்புவார்கள் என்று உடைமையாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பெரும்பாலும் அவ்வாறே நடந்தது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு, எவ்வளவு சிறியதாயினும், ஒரு தொகையை விடையாகச் சொல்ல முடிவது அந்த ஆண்டிலிருந்துதான்.