வீட்டில் கட்டும் விமானம்: கைப்பிடியும் பிரேக்கும்

வீட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். மும்பை காந்திவலியில் கேப்டன் அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் கட்டினார். 2016-ல் அது மேக் இன் இந்தியா கண்காட்சியில் நின்றது, 2017-ல் பதிவும் கிடைத்தது. அமெரிக்காவிலோ இப்படிக் கட்டியவை பல்லாயிரம். கட்டுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி ராப்பகலாக யோசிப்பார்கள். நான் சொல்ல வருவது கையும் காலும் படுகிற இடங்களைப் பற்றி.

இறக்கை ஓரத்து ஏலரான் விமானத்தைச் சாய்க்கும். வாலில் படுத்திருக்கும் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். நிற்கும் ரட்டர் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும். முதல் இரண்டும் கைக்கு, மூன்றாவது காலுக்கு. கைக்கு கார் ஸ்டியரிங் மாதிரி யோக் வைக்கலாம், ஆனால் உறுப்புகள் அதிகம். வீட்டில் கட்டுகிறவருக்கு வெறும் தடியே, அதாவது ஸ்டிக்கே, சுலபம்.

தடியிலிருந்து வால் வரை அசைவைக் கொண்டுபோவது எப்படி? கம்பிவடம் இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. அதனால் போக ஒன்று, வர ஒன்று, நடுவே கப்பிகள். போதாததற்கு, குளிரில் அலுமினிய உடல் எஃகு வடத்தைவிட அதிகம் சுருங்கும், வடம் தொய்ந்துவிடும். குழாய்த் தண்டு இழுக்கவும் தள்ளவும் செய்யும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. விமானங்களில் கைக்குத் தண்டு, காலுக்கு வடம் என்று பிரித்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நானே இரும்புச் சாமான் கடைக்காரன். இருந்தும் சொல்கிறேன், என் கடை வடத்தை விமானத்தில் கட்டாதீர்கள். அதற்கென்று சான்றளித்த வடம் தனி. மாட்டி முடித்ததும் தடியை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், இடது ஏலரான் மேலே எழ வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டுப் பறந்து விழுந்தவர்கள் உண்டு.

பிரேக்குக்கு ஒரு சின்னக் கணக்கு. 600 கிலோ விமானம் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் தரை தொட்டால் அதன் இயக்க ஆற்றல் 1,87,500 ஜூல். 108 கி.மீ. என்றால் 2,70,000. வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, ஆற்றலோ 44 சதவீதம் கூடிவிட்டது! அதனால் எடையை மட்டும் பார்த்து பிரேக் வாங்கக்கூடாது, இறங்கும் வேகத்தையும் பார்க்கணும். மூக்குச் சக்கரம் தானாகச் சுழலும் வகையானால், மெதுவாக ஓடும்போது இடது வலது பிரேக்தான் ஸ்டியரிங். அங்கே ஒற்றைக் கைநெம்புகோல் உதவாது. எண்ணெயிலும் கவனம் வேண்டும். விமான பிரேக்கின் ரப்பர் வளையங்கள் சிவப்புக் கனிம எண்ணெய்க்கென்றே செய்தவை. கார் பிரேக் எண்ணெயை ஊற்றினால் வளையம் கெட்டுப் பிடிமானம் போய்விடும்.

இனி பாடகர் ஜான் டென்வர் கதை. 1997 அக்டோபர் 12-ல் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் அவருடைய லாங்-ஈ.ஸீ. விழுந்து இறந்தார். பர்ட் ரூட்டன் வரைந்த விமானம் அது. கட்டியவர் வேறொருவர், டென்வர் விலைக்கு வாங்கியவர். வரைபடத்தில் பெட்ரோல் டாங்க் மாற்றும் வால்வு கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பெட்ரோல் குறைவாக இருந்தும் நிரப்பாமலே டென்வர் கிளம்பினார். வால்வைத் திருப்ப உடம்பை இடப்பக்கம் முறுக்கியபோது வலது கால் தன்னையறியாமல் ரட்டர் மிதியை அழுத்தியிருக்கிறது என்பது அமெரிக்க விசாரணை வாரியத்தின் முடிவு.

எனவே இரும்பு வெட்டுமுன் அட்டையில் மாதிரி செய்து, பெல்ட் கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பாருங்கள். எட்டாதது எதுவானாலும் அட்டையிலேயே இடம் மாற்றிவிடலாம்.