அரைக்கோடி ரூபாய்ப் பல்லக்கு

"பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4. இந்த மூன்றில் எது குலுக்காது, எது வளைவில் சொன்னபடி கேட்கும், எது கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அரைக்கோடிக்கு மேல் போகிற விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்ட முதல் மனிதர் அவர்தான். நான் ஓட்டுவது பதினான்கு வயதான ஒரு சின்னக் கார். அதற்கு இருக்கும் ஒரே சொகுசு, கண்ணாடி இறங்குவது.

கடிதத்தோடு விளம்பரத் தாள்களும் வந்திருந்தன. குதிரைத்திறன் இருக்கிறது, திரையின் அகலம் இருக்கிறது, உள்ளே எரியும் 64 நிற விளக்கு இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் எண் மட்டும் எதிலும் இல்லை. நொடிக்கு எத்தனை முறை ஆடும்?

ஸ்பிரிங்கின் மேல் எடையை வைத்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண் வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே முடிந்த கதை. சுவாரசியம், அந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான். மனித உடம்பு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறது. நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை குலுக்கினால் வயிறும் சேர்ந்து ஒத்ததிரும்; கப்பிச் சாலையில் மாட்டுவண்டி ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நொடிக்கு அரை முறைக்கும் கீழே போனால் குலுக்கல் போய்க் குமட்டல் வரும். கப்பல் செய்வது அதைத்தான். நடுவில் ஒன்றிலிருந்து ஒன்றரை ஹெர்ட்ஸ் வரை ஒரு சந்து. சொகுசுக் கார்கள் பெரும்பாலும் அந்தச் சந்துக்குள்தான் குடியிருக்கின்றன.

அந்தச் சந்தின் அகலத்தை சென்டிமீட்டரிலும் சொல்லலாம். ஒரு ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் காரின் எடைக்கு ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கி உட்கார வேண்டும். ஒன்றரை ஹெர்ட்ஸுக்கு 11 செ.மீ. போதும். அதிகம் அமுங்கும் கார் மெத்தென்று போகும், வளைவில் சாயும். குறைவாக அமுங்குவது நிமிர்ந்து திரும்பும், சாலையின் ஒவ்வொரு ஒட்டையும் முதுகெலும்பிடம் எடுத்துச் சொல்லும். சொகுசுக்கும் வளைவுத் திறனுக்கும் நடக்கிற பாகப்பிரிவினை முழுக்க இந்த 14 செ.மீ.க்குள்தான்.

ஆனால் கார் ஒரே ஸ்பிரிங்கின் மேல் நிற்கவில்லையே. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெருமாள் கோயில்களில் தோளுக்கினியான் என்றொரு பல்லக்கு உண்டு. பெயரிலேயே சஸ்பென்ஷன் விளம்பரம். வீதியில் ஒரு மேடு வருகிறது. முன்தண்டைத் தாங்குபவர்கள் அதில் ஏறி, எழும்பித் தாழ்கிறார்கள். பின்தண்டுக்காரர்கள் அதே மேட்டுக்குச் சற்றுத் தாமதமாக வருகிறார்கள். இரு சாராருக்கும் ஒரே தாளம் என்றால் அந்தத் தாமதம் தீரவே தீராது. ஒருவர் எழும்பும்போது மற்றவர் தாழ்ந்துகொண்டிருப்பார், பெருமாள் வீதியெல்லாம் தலையாட்டிக்கொண்டே போவார். பின்தண்டின் தாளம் மட்டும் கொஞ்சம் துரிதமாக இருந்தால்? தாமதமாகத் தொடங்கினாலும் ஒன்றரை ஆட்டத்துக்குள் முன்தண்டை எட்டிப் பிடித்துவிடும். பிறகு இரு முனையும் சேர்ந்தே எழும்பும், சேர்ந்தே தாழும். தலையாட்டல் வெறும் ஏற்ற இறக்கமாகிவிடும். உடம்பு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், தலையாட்டலைப் பொறுக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி-கிளாஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,865 மி.மீ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் 0.17 நொடி தாமதமாக மேட்டைச் சந்திக்கும். முன்பக்கம் 1.2 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை ஆட்டத்துக்கு 1.25 நொடி. பின்பக்கம் அதை 1.08 நொடியில் முடித்தாக வேண்டும், அதாவது ஏறக்குறைய 1.4 ஹெர்ட்ஸ். பணம் கொடுத்துப் பின்னால் உட்காருகிறவருக்கு முன்பக்கத்தைவிட விறைப்பான ஸ்பிரிங்கா என்று கேட்கலாம். அந்த விறைப்புதான் அவர் தலையை ஆடாமல் வைக்கிறது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். தோளில் வைக்கும் சும்மாடு டயர். எழும்பிய முழங்காலை மறுபடி துள்ளவிடாமல் பிடிக்கும் தசை ஷாக் அப்சார்பர். கூடவே வருகிற குடையை சன்ரூஃப் என்று சொல்ல வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

வரலாறு இல்லாமல் விடமாட்டேன் என்பவர்களுக்கு: ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், 1930களின் தொடக்கத்தில் ஒரு பெரிய காரின் இரு முனையிலும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, ஆட்களை உட்காரவைத்து ஓட்டியே, பின்பக்கத் தாளம் துரிதமாக இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார். போதும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பிஎம்டபிள்யூ, செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் ஆலை நடத்துகிறது. பின்சீட்டுக்காரர்களுக்காக நீட்டிய 3 சீரிஸ் இங்கே 2021இல் வந்தது. அச்சு இடைவெளி 2,961 மி.மீ., வழக்கமானதைவிட 11 செ.மீ. கூடுதல். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை என்பது 10 செ.மீ. உயரம், சாலை வாக்கில் 3.7 மீட்டர் நீளம், மணிக்கு 25 கி.மீ.யில் கடப்பதற்கு உரியது. (எங்கள் தெருவில் இருப்பதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை.) அந்த வேகத்தில் இந்த நீளக் காரின் பின்சக்கரம் வந்து சேர 0.43 நொடி. 1.2 ஹெர்ட்ஸில் பாதி ஆட்டத்துக்கு ஆகும் நேரம் 0.42 நொடி! முன்னும் பின்னும் நேர் எதிர்க் கட்டத்தில் மாட்டிக்கொள்கின்றன. நெடுஞ்சாலையில் ஜெயித்த ஆலியின் வித்தை வேகத்தடையில் தோற்கிறது.

அங்கே காப்பாற்ற வேண்டியது ஷாக் அப்சார்பர். பெயர் பொய், அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங், இது செய்வதெல்லாம் ஆட்டத்தை அடக்குவது. சின்னத் துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. 2019இன் 3 சீரிஸில், எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பதைப் பொறுத்துத் தடை கூடுகிற மாதிரி இதை வடிவமைத்தார்கள். மின்னணு எதுவுமில்லாத ஏற்பாடு. என் மரியாதை இதற்குத்தான். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தரும் 'கம்ஃபர்ட்', 'ஸ்போர்ட்' பட்டன் என்ன செய்கிறது? எண்ணெய் போகும் வழியைத் திறக்கிறது, அடைக்கிறது. எஃகு ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். 1.4 ஹெர்ட்ஸ் கார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் 1.1 ஆகாது.

ஆடிக்குத் தமிழில் பெயரிலேயே ஆட்டம் இருப்பது அந்த நிறுவனத்தின் குற்றமல்ல. உண்மையில் ஏ4இன் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், ஆலி தொங்கவிட்ட எடையைப் போல அது தலையாட்டலுக்கு எதிராக வேலை செய்கிறது. கனம் முனையில் இருப்பதால் கூடும் அந்த நிலைமத் திருப்புத்திறனே வளைவில் விரோதியாகிவிடும். முனையில் கனமிருக்கும் உலக்கையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். மற்ற இரண்டிலும் எஞ்சின் உள்ளே தள்ளியிருக்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது, ஆகவே சுறுசுறுப்பு. பிஎம்டபிள்யூக்காரர்கள் 50:50 எடைப் பங்கீடு என்று பெருமையடிப்பார்கள். பிரேக்கைத் தொட்டதும் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

டயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 225/50 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 112 மி.மீ. 225/40 ஆர்19க்குப் போனால் 90. குழியைச் சந்திக்கும் முதல் ஸ்பிரிங்கில் 22 மி.மீ.யைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் பணமும் கொடுக்கிறோம். காற்றே இல்லாமல் காரைத் தாங்கும் ரன்ஃப்ளாட் டயரின் சுவர் இன்னும் விறைப்பு.

வாசகருக்கு என் தீர்ப்பு. நீங்களே ஓட்டுவதானால் 3 சீரிஸ். டிரைவர் ஓட்ட நீங்கள் பின்னால் உட்காருவதானால் சி-கிளாஸ். நீட்டிய 3 சீரிஸ் காலுக்கு இடம் தரும், வேகத்தடையில் சலுகை தராது. ஏ4 சாதுவான கார்தான், ஆனால் ஐரோப்பாவில் அதன் இடத்துக்கு ஏ5 வந்துவிட்டது. நல்ல தள்ளுபடி கிடைத்தால் மட்டும் பாருங்கள். எதை எடுத்தாலும் கிடைப்பதில் சிறிய சக்கரத்தைக் கேளுங்கள், பட்டனுக்குப் பணம் கட்டாதீர்கள். சோதனை ஓட்டத்தில் ஷோரூம் பையனை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். உங்கள் தெரு வேகத்தடையில் ஒருமுறை, 60இல் ஒருமுறை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.