காற்றும் மரமும் – 7: அயர்லாந்துக் குழலும் அதன் மரங்களும்

ஐரிஷ் புல்லாங்குழல் என்று உலகம் அழைக்கும் மரக்குழல் அயர்லாந்தில் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பட்டறைகள் அரங்கக் கலைஞர்களுக்காகவும் வசதி படைத்த இசைப் பிரியர்களுக்காகவும் கடைந்து கொடுத்த கருவி அது. ஜார்ஜ் ரூடலும் ஜான் மிட்செல் ரோஸும் 1821இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய பட்டறையின் குழல்களை ஐரிஷ் கலைஞர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அதே காலத்தில் சார்லஸ் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் விரல்துளைகள் பெரிதாக்கப்பட்ட குழலில் அரங்கை நிறைக்கும் ஒலியை எழுப்பினார். 1831இல் லண்டன் வந்த ஜெர்மானியர் தியோபால்ட் போம் அந்த ஒலியைக் கேட்டு வியந்து, ஊர் திரும்பித் தன் குழலை அடியோடு மாற்றத் தொடங்கினார். 1847இல் அவர் முடித்த உருளைத் துளைக் குழலே இன்றைய வெள்ளிப் புல்லாங்குழலின் தாய்.

போமின் குழல் மேற்கத்திய வாத்தியக் குழுக்களில் மெல்ல மெல்ல இடம்பிடித்ததும் பழைய மரக்குழல்களுக்கு மதிப்புப் போயிற்று. அவை அடகுக் கடைகளுக்கும் பழைய பொருள் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. ஜெர்மனியில் மலிவாகச் செய்யப்பட்ட மரக்குழல்களும் சந்தையில் குவிந்தன. அயர்லாந்தின் ஸ்லைகோ, லீட்ரிம், ராஸ்காமன் மாவட்டங்களின் கிராமத்துக் கலைஞர்கள் அவற்றைக் கையிலெடுத்தார்கள். மலிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. திறந்த துளையின் மேல் விரல் நேரடியாகப் படுவதால், ஒரு சுரத்தை நொடிப்பொழுதில் வெட்டுவதும் உருட்டுவதும் வழுக்குவதும் இந்தக் குழலில் கைகூடுகின்றன. ஐரிஷ் நடன மெட்டுகளுக்கு உயிர் தருவது அந்த நுணுக்கங்கள்தான். லீட்ரிமில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஜான் மெக்கென்னா 1920களில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் இந்தப் பாணியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன.

கருவியின் அமைப்பு எளியது. தலை, உடல், அடி என்று பிரியும் துண்டுகள், ஆறு விரல்துளைகள், டி சுருதி. பழைய குழல்களில் ஆறு அல்லது எட்டு உலோகச் சாவிகள் இருக்கும். நடன மெட்டுகள் பெரும்பாலும் டி, ஜி சுருதிகளிலேயே அமைவதால் பல கிராமத்துக் கலைஞர்கள் அவற்றைத் தொட்டதே இல்லை. சாவியே இல்லாத குழல்கள் இன்று ஏராளமாகச் செய்யப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுட்பம் உள்ளே இருக்கிறது. தலைப்பகுதியில் சுமார் 19 மில்லிமீட்டர் விட்டத்தில் நேராக ஓடும் துளை, உடலுக்குள் நுழைந்ததும் கூம்பாகக் குறுகிக்கொண்டே போகிறது. இந்தக் குறுக்கம் சரியாக அமைந்தால்தான் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று இசைவாக நிற்கும். மரத்தின் மீது வைக்கப்படும் முதல் நிபந்தனை இங்கே பிறக்கிறது: கடைந்தபோது இருந்த அளவு, பல ஆண்டுகள் ஈரமூச்சு பட்ட பிறகும் மாறாமல் இருக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் அந்த வேலைக்கு ஐரோப்பியர் நம்பியது பாக்ஸ்வுட். வெண்ணெய் நிறம், நெருங்கிய இழை, மிக மெதுவான வளர்ச்சி கொண்ட சிறு மரம். மற்றக் குழல் மரங்களோடு ஒப்பிட்டால் கையில் இலேசாக இருக்கும். உளிக்கு அழகாக இணங்கும். நைட்ரிக் அமிலம் பூசி அதைப் பழுப்பாக்குவது பழைய பட்டறைகளின் வழக்கம். ஆனால் ஈரத்தை ஏற்று இறக்கும் குணம் அதற்கு உண்டு. நன்றாக உலராத பாக்ஸ்வுட் குழல் சில ஆண்டுகளில் வாழைப்பழம்போல வளைந்துவிடும்.

அதன் இடத்தைப் பிடித்தது கோக்கஸ். ஜமைக்கா, கியூபா தீவுகளின் சிறு மரம். தாவரவியல் பெயர் பிரையா எபெனஸ். ரூடல் அண்டு ரோஸ் குழல்களில் பெரும்பாலானவை இதில் செய்யப்பட்டவை. புதிதாக அறுத்த வைரம் பசுமை கலந்த பழுப்பாக இருக்கும். காலப்போக்கில் கருமை ஏறும். கனமும் உறுதியும் இருந்தும் விறைப்பில்லாத மரம் என்று கைவினைஞர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் புகழே அதற்கு வினையாயிற்று. நல்ல பருமனுள்ள கோக்கஸ் மரங்கள் வெட்டித் தீர்ந்தன. இன்று எங்காவது பழைய இருப்பு கிடைத்தால் மட்டுமே கோக்கஸ் குழல் சாத்தியம்.

கருங்காலியும் நெடுங்காலம் குழல்களுக்குப் பயன்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் டையோஸ்பைரோஸ் எபெனம் அந்த இனத்தில் பெயர் பெற்றது. மெருகும் கருமையும் நிகரற்றவை; ஆனால் எளிதில் வெடிக்கும் என்பதால் குழல் செய்வோர் அதைத் தயக்கத்தோடுதான் தொடுகிறார்கள்.

இன்று முதலிடம் ஆப்பிரிக்கக் கருமரத்துக்கு. தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளில் வளரும் இதைச் சுவாஹிலி மொழியில் இம்பிங்கோ என்பார்கள். நிறத்தைப் பார்த்துப் பலரும் இதைக் கருங்காலி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது டால்பெர்ஜியா பேரினம், நம் மலைக்காடுகளின் ஈட்டி மரத்துக்கு உறவு. தண்ணீரில் போட்டால் மூழ்கும். இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை கொண்ட வைரம் ஈரத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. கிளாரினெட், ஓபோ, ஸ்காட்லாந்தின் பைப் வாத்தியம் எல்லாம் இதே மரத்தை நம்பி நிற்கின்றன. வெட்டும் அளவுக்கு மரம் பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்போதும் முறுக்கேறிய, பொந்து விழுந்த அடிமரத்தில் வாத்தியத்துக்கு உதவும் பகுதி மிகச் சொற்பம். தான்சானியாவின் கில்வா மாவட்டக் கிராமங்கள் தங்கள் காட்டைத் தாங்களே பராமரித்து, 2009இல் பொறுப்பான காட்டுப் பராமரிப்புக்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழ் பெற்றன. மரம் விற்ற பணம் காட்டைக் காக்கும் ஊருக்கே போய்ச்சேரும் அந்த ஏற்பாடு, இந்த வரலாற்றில் மனநிறைவு தரும் செய்தி.

2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. மரச்சாமான்களுக்காக ரோஸ்வுட் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் ஒரு குழலை அயல்நாட்டுக்கு விற்கவும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தனியாளாகப் பட்டறை நடத்துவோர் தவித்துப்போனார்கள். 2019 நவம்பரில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில் பலரின் பார்வை தென்னாப்பிரிக்கப் பகுதியின் மொப்பானே மரத்தின் பக்கம் திரும்பியது. செம்பழுப்பு நிறம், நல்ல கனம், அளவு மாறாத இயல்பு. கருமரத்துக்கு மாற்று என்பதைத் தாண்டி, தன் தகுதியாலேயே நிற்கக்கூடிய மரம்.

மரம் மாறினால் ஒலி மாறுமா? பாக்ஸ்வுட் இனிமை, கருமரம் கூர்மை, கோக்கஸ் இரண்டுக்கும் நடு என்று வாசிப்பவர்கள் சொல்வதுண்டு. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல்கள் செய்து சோதித்து, 1971இல் முடிவை வெளியிட்டார். கேட்டவர்களாலும் பிரித்தறிய முடியவில்லை, தொட்டு உணர முடியாதபடி வாசித்தவர்களாலும் முடியவில்லை. குழலில் அதிர்வது உள்ளே அடைபட்ட காற்று. சுவரின் பங்கு மிகக் குறைவு. ஆனாலும் இசைக்கலைஞர்களின் காதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஊதுதுளையின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக நிற்கிறது, உட்சுவர் எவ்வளவு வழவழப்பாக மெருகேறுகிறது என்பவை ஒலியைத் திட்டவட்டமாக மாற்றும். அடர்ந்த மரம் அந்த விளிம்பையும் மெருகையும் மழுங்காமல் காக்கிறது. மரத்தின் கொடை அந்த வழியாகத்தான் காதை எட்டுகிறது.

செய்முறையில் அவசரத்துக்கு இடமில்லை. சதுரக் கட்டைகளின் முனைகளில் மெழுகு பூசி ஆண்டுக்கணக்கில் உலர வைக்கிறார்கள். பிறகு சிறு துளையிட்டு மேலாகக் கடைந்து மீண்டும் கிடப்பில் போடுவார்கள். மரம் தன் இறுக்கங்களை விடுவித்து அசைவதெல்லாம் அசைந்து அடங்கிய பின்பே, ரீமர் என்ற கூம்பு வடிவத் துளைசீவும் கருவியால் உள்துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். விரல்துளைகளின் உள்விளிம்பைச் சற்றே அகலமாகக் குடைந்து ஒவ்வொரு சுரமாகச் சீர்செய்கிறார்கள். எல்லாவற்றிலும் கடினமானது ஊதுதுளை. கத்தியின் ஒரு மெல்லிய சீவலில் குழல் வாய் திறக்கும், அல்லது கெட்டுப்போகும். கருமரத்தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஒவ்வாதது என்பதால் முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

குழலின் பெரும்பகை வெடிப்பு. ஊதும்போது உட்பக்கம் ஈரத்தால் உப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. சுருதி மாற்றுவதற்காகத் தலைக்குள் பித்தளையோ வெள்ளியோ குழாயாகச் செருகப்பட்டிருந்தால் ஆபத்து அதிகம். குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட அறையில் மரம் சுருங்கும், உலோகம் விட்டுக்கொடுக்காது. பழைய ஆங்கிலக் குழல்கள் பலவற்றின் தலையில் நீளவாக்கில் கீறல் இருப்பது இதனால்தான். ஆகவே பல கைவினைஞர்கள் உலோகத்தைச் சிறு பகுதிக்கு மட்டும் வைக்கிறார்கள், அல்லது முழுவதுமாகத் தவிர்க்கிறார்கள்.

புதுக் குழலை முதல் வாரங்களில் நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் வாசித்துப் பழக்குவார்கள். வாசித்து முடித்ததும் துண்டுகளைக் கழற்றி உட்புறத்தைத் துணியால் துடைப்பார்கள். அவ்வப்போது பாதாம் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ தடவுவார்கள். பொருத்துகளில் சுற்றிய நூல் தளர்ந்தால் இன்னும் சில சுற்று சேர்ப்பார்கள், இறுகினால் சில சுற்று அவிழ்ப்பார்கள். கீறல் விட்ட குழலையும் ஒட்டிச் சரிசெய்யலாம். அப்படி ஒட்டப்பட்ட 19ஆம் நூற்றாண்டுக் குழல்கள் அயர்லாந்தில் இன்றும் வாசிக்கப்படுகின்றன.