பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம்: அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

ஹெவி மெட்டல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ரெடிமேடாக ஒரு கதை வரும். பிளாக் சாபத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்குத் தொழிற்சாலையில் விரல் நுனி போச்சு. அதனால கம்பிகளைத் தளர்த்தினார். அதுதான் அந்தக் கனமான சத்தம். இதில் பாதிதான் சரி.

விபத்து நிஜம். 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகட்டு இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறித்தது. இடது கைக்காரர் என்பதால், கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி விரலில் மாட்டிக்கொண்டார். அழுத்தச் சுலபமாக இருக்க, பாஞ்சோ கம்பிகளைக்கூட கிட்டாரில் போட்டார்.

ஆனா 1970 பிப்ரவரி 13-ல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க. வழக்கமான சுருதிதான். தளர்த்திய சுருதி, 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் வருகிறது.

அப்போ கனம் எங்கிருந்து வந்தது?

முதல் பாட்டின் ரிஃப்பில் முக்கியமானவை மூன்றே ஸ்வரங்கள்: ஜி, மேல் ஸ்தாயி ஜி, நடுவில் சி ஷார்ப். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால், சி ஷார்ப் பிரதி மத்யமம். கல்யாணி கேட்ட காதுக்கு அதுல பயம் ஒண்ணும் இல்லை. பஞ்சமத்துக்கு ஏறாமல் அங்கேயே நிறுத்தி, அசைத்து, மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போதுதான் வயிறு கலங்குது.

அடுத்தது, பதிவு செய்த விதம். 1969 அக்டோபரில், லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், நாலு டிராக் டேப்பில் ஒரே நாளில் முடித்தார்கள். நால்வரும் மேடையில் போலச் சேர்ந்தே வாசித்தார்கள்; ஆஸி ஆஸ்போர்ன் தனிச் சிற்றறையில் நின்று கூடவே பாடினார். நடுவில் அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டரில் பிக்கப் பழுதாக, கைவசம் இருந்த கிப்சன் எஸ்ஜி-யை எடுத்து மீதியை வாசித்தார். தொடக்கத்து மழையும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை.

விபத்துதான் இந்த இசையைக் கொடுத்ததுன்னு சொல்லிட்டா, அந்த ஸ்வரத்தையும் அந்த வேகத்தையும் தேர்ந்தெடுத்த நாலு பேர் கதையிலேயே காணாமப் போயிடறாங்க. மழைச் சத்தம் அடங்கியதும் வரும் மூன்று ஸ்வரங்களை ஹெட்போன்ல ஒரு தடவை கேளுங்க.