சேணம் தைக்கும் தொழிலும் பயிற்சிக்கு ஆகும் செலவும்

மளிகைக் கடைக்காரர்களுக்கும் குதிரைச் சேணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடைக்குப் பையன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சரக்கு தெரிந்து கொள்வதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுகிறான் என்பது இன்று நம் எல்லோருடைய புலம்பல். துவரம் பருப்பில் புது வரவு எது, பழசு எது என்று கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் எத்தனை மண்டியில் இருக்கிறார்? நம்மைவிடச் சிறிய தொழில், நம்மைவிடப் பலமாக அடி வாங்கிய தொழில் ஒன்று இதே சங்கடத்தை எப்படிச் சமாளித்தது என்று பார்ப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குப் பக்கத்தில் வால்சால் என்று ஓர் ஊர். சிவகாசிக்குப் பட்டாசு, திருப்பூருக்குப் பனியன் என்பது போல வால்சாலுக்குச் சேணம். அந்த ஊர்க் கால்பந்துக் குழுவுக்கே ‘சேணக்காரர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். முதலில் அங்கே செய்தது தோல் சாமான் அல்ல. கடிவாள இரும்பு, அங்கவடி, பக்கிள் முதலிய உலோகச் சாமான்கள். இரும்பு வாங்க வந்தவர்களுக்குத் தோலையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று 19ஆம் நூற்றாண்டில் வார், சேணம் எல்லாம் அங்கேயே தைக்கத் தொடங்கினார்கள். வியாபாரிக்கு இந்தக் கணக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரயில் வந்தபோது குதிரை ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. ஸ்டேஷனில் இறங்கிய சரக்கைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்க வண்டி வேண்டும், வண்டிக்குக் குதிரை வேண்டும். ஆகவே ரயில் காலத்தில் குதிரைகள் பெருகின, வால்சாலும் பெருகியது. தொழிலை ஒழித்தது மோட்டார் வண்டி. 1914–18 யுத்தத்துக்குப் பிறகு சேண வியாபாரம் வேகமாகச் சரிந்தது. பல கம்பெனிகள் மணிபர்ஸ், கைப்பை என்று மாறிக்கொண்டன. மறைந்த எலிசபெத் ராணியார் எந்நேரமும் கையில் மாட்டியிருந்த ‘லானர்’ பை வால்சாலில் தைத்ததுதான். எஞ்சிய சில பட்டறைகள் சேணத்தை விடவில்லை. ஓட்டப் பந்தயம், சவாரி விளையாட்டு, ராணுவ அணிவகுப்பு என்று குதிரைக்கு வேறு வேலை வந்ததால் அவை பிழைத்தன.

இவர்களுக்கு இன்று பெரிய போட்டி யார் தெரியுமா? நம் நாட்டுக் கான்பூர். 1857 கலகத்துக்குப் பின், 1860களில் ராணுவத்துக்காக அங்கே அரசாங்கச் சேணத் தொழிற்சாலை ஏற்பட்டது. அதை ஒட்டித் தோல் பதனிடுதலும் தையலும் வளர்ந்தன. கான்பூர் சேணம் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்; ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. கூலியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது விலையில் வால்சால் கான்பூரோடு மோத முடியாது. ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளரும் அங்கே வந்துவிட்டார். பெரிய கம்பெனிக்காரனோடு விலையில் நாம் மோத முடியாதது போலத்தான்.

பின் எதை விற்று அவர்கள் நிற்கிறார்கள்? பொருத்தத்தை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேணத்தின் உள்ளே ஒரு சட்டம் உண்டு. மெல்லிய பீச் மரத் தகடுகளை ஒட்டி வளைத்து, எஃகு கொடுத்துப் பலப்படுத்துவது பழைய முறை. அதன் மேல் பட்டை நாடாவை இழுத்துக் கட்டி, ஈரத் தோலை இழுத்துப் போர்த்தி இருக்கை அமைக்கிறார்கள். அடியில் கம்பளி மயிர் அடைத்த இரண்டு மெத்தைகள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி. சவாரி செய்பவரின் பாரம் குதிரையின் முதுகெலும்பில் படக் கூடாது, இருபுறச் சதையில் பரவ வேண்டும். சட்டம் குறுகலானால் தோளில் நெருக்கும், அகலமானால் முதுகில் இறங்கி எலும்பைத் தொடும். புண் வரும், சதை வற்றும், குதிரை சவாரியே ஏற்காது. அது மட்டுமல்ல. புல் செழிக்கும் பருவத்தில் குதிரை பெருக்கும், வேலை கூடினால் இளைக்கும். உள்ளே அடைத்த கம்பளியும் நாளடைவில் அமுங்கும். ஆகவே இன்று பொருந்திய சேணம் ஆறு மாதத்தில் பொருந்தாமல் போகலாம். சேணக்காரர் லாயத்துக்கே போய், குதிரையைத் தட்டையான தரையில் நிறுத்தி முதுகைத் தடவிப் பார்த்து, ஏறி ஓட்டச் சொல்லிப் பார்த்து, கம்பளியைக் கூட்டிக் குறைத்துத் தருகிறார். விற்ற பிறகுதான் அவருடைய வியாபாரமே ஆரம்பிக்கிறது. கப்பலில் வரும் பெட்டிக்குள் இதை வைத்து அனுப்ப முடியாது.

இந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும். புதிதாகச் சேர்பவரிடம் சேணத்தைக் கொடுப்பதில்லை. நூலுக்குத் தேன்மெழுகு தேய்ப்பது, இரண்டு முழங்காலுக்கு இடையே மரக் கிடுக்கியில் தோலைப் பிடித்துக்கொள்வது, ஊசித்துளையைக் கோணம் மாறாமல் குத்துவது, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து ஒரே துளையில் எதிரெதிராக இழுப்பது – இதிலேயே மாதங்கள் போகும். இந்தத் தையலில் ஒரு கண் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. தையல் மிஷினால் அது ஆகாது. பிறகு தலைவார், அதன்பின் கடிவாளம், கடைசியில் சேணம். தோல் வெட்டும் கத்தியைச் சீக்கிரம் கையில் தர மாட்டார்கள். முதுகுப் பக்கத் தோல்தான் வாருக்கு உதவும், வயிற்றுப் பக்கம் இழுபடும். ஒரு வெட்டுத் தவறினால் விலை உயர்ந்த தோல் வீண். ‘தேர்ந்த சேணக்காரர்’ என்ற பட்டத்துக்குக் குறைந்தது 7 ஆண்டு தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய சங்கம் விதித்திருக்கிறது. சங்கம் ஏற்பட்டது 1966இல். சிட்டி அண்ட் கில்ட்ஸ் அமைப்பின் தேர்வுகளும் கடிவாளம், சேணம், வண்டி வார் என்று தனித்தனியாக உண்டு.

நமக்கு முக்கியமானது இதற்குப் பிறகுதான். இத்தனை ஆண்டு யார் செலவில் கற்பது? 1563இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம், ஏழு ஆண்டு பயிலாமல் கைத்தொழில் செய்யக் கூடாது என்றது. அந்தக் காலத்தில் தகப்பனார் ஆசானுக்குப் பணம் கட்டிப் பையனைச் சேர்ப்பார்; பையன் ஆசான் வீட்டிலேயே தங்கி, உண்டு, உழைத்துக் கடனைக் கழிப்பான். 1814இல் அந்த விதி நீக்கப்பட்டது. இன்றோ சேர்ந்த நாள் முதல் பையனுக்குச் சட்டப்படி சம்பளம் தர வேண்டும். அவன் கெடுக்கும் தோலுக்கு ஆசான் பொறுப்பு. அவனுக்குக் காட்டிக் கொடுக்கும் நேரத்தில் ஆசானின் சொந்தத் தையல் நிற்கும். தொழில் படிந்தவுடன் பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு காசு கூடக் கொடுத்து அழைத்துக்கொள்வார். ஒரு ஆளும் ஒரு உதவியாளும் உள்ள பட்டறை இதைத் தனியாகத் தாங்காது. தாங்க முடியாமல் ஆள் எடுப்பதையே நிறுத்திய பட்டறைகள் ஆசானோடு முடிந்துபோயின. வண்டிக் குதிரையின் கழுத்துக்கு வைக்கோல் அடைத்து மெத்தை செய்யும் கலை இப்படித்தான் அங்கே விரல்விட்டு எண்ணும் ஆட்களிடம் வந்து நிற்கிறது. நம் ஊர்களில் ஜட்கா வாரைத் தைத்த கைகளும் எழுதி வைக்காமலே போய்விட்டன.

இந்தச் செலவில் ஒரு பங்கைப் பொது அமைப்பு ஏற்றதால்தான் மீதி தப்பியது. லண்டன் சேணக்காரர் கில்டு மிகப் பழமையானது. 1395இல் அரசரிடம் சாசனம் பெற்றது. அதன் மண்டபம் 1940இல் குண்டு விழுந்து அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. இன்று அதன் உறுப்பினர்களில் பலருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனாலும் பழைய சொத்தின் வருமானத்தில் பயிற்சிக்கு உதவுகிறார்கள். அந்த மண்டபத்தில் ஆண்டுதோறும் சேணப் போட்டி நடத்திப் புதியவர்களின் வேலையைப் பெரியவர்கள் தையல் தையலாகப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பரிசுத் தொகையைவிட, பட்டறைக்காரர்கள் கண்ணில் அந்தப் பெயர் படுவதுதான் பையனுக்கு லாபம்.

நம்மிடம் 1395 சாசனம் இல்லை, குண்டு விழுந்த மண்டபமும் இல்லை. பெரும்பாலான ஊர்ச் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, கீழே கடை வாடகை வருகிறது. அந்த வருமானத்தில் ஆண்டுக்குப் பத்துப் பையன்களுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, உதவித்தொகை கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் சரக்குத் தரம் பார்ப்பது, எடை, ஜி.எஸ்.டி. கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை இவற்றைச் சங்க மாடியில் வைத்துச் சொல்லித் தரலாம். சொல்லித் தர நம்மில் ஓய்வு பெற்ற மூத்தவர்கள் இருக்கிறார்கள். மிளகாயைக் கிள்ளிப் பார்த்து ஈரம் சொல்லும் கை இன்னும் எத்தனை நாள் இருக்கும்? பயிற்சி முடிந்த ஆளை இரண்டு வருஷம் மற்ற உறுப்பினர் இழுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானமும் வேண்டும். அது இல்லாமல் யாரும் பையனை அனுப்ப மாட்டார்கள். உதவித்தொகை எவ்வளவு, எத்தனை கடை முன்வரும் என்ற விவரம் கையில் இருந்தால் வருகிற பொதுக்குழுவில் வைத்துப் பேசலாம். விருப்பமுள்ள உறுப்பினர்கள் கடையின் பெயர், வேலை ஆட்களின் எண்ணிக்கை இரண்டையும் எழுதிச் சங்கச் செயலாளரிடம் மாத இறுதிக்குள் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.