புதுக்கோட்டை அங்கே ‘கோத்தா பாரு’... இந்தோனேசிய மொழி கற்க நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி!

மலேசியாவின் கிளந்தான் மாநிலத் தலைநகர், கோத்தா பாரு. ‘கோத்தா’ என்றால் கோட்டை, ‘பாரு’ என்றால் புது. அதாவது, நம்ம புதுக்கோட்டை! என்ன ஒன்று, நாம் ‘புது’வை முன்னால் வைத்தோம். அவர்கள் பின்னால் வைத்துவிட்டார்கள்.

குளத்தூர், கீரனூர் பக்கம் சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஜொகூர் பாரு, ஜாலான் பெசார் என்று இடங்களின் பெயர்கள் சரளமாக வந்து விழும். ‘ஜாலான்’ சாலை, ‘பெசார்’ பெரிய. இந்த இரண்டு பெயர்களும் தெரிந்துவிட்டால், இந்தோனேசிய மொழியில் பெயரடைப் பாடம் பாதி முடிந்தது என்று அர்த்தம். மலாய் மொழியும் இந்தோனேசிய மொழியும் அக்கா, தங்கை மாதிரி.

பெரிய, சின்ன, சூடான, பழைய... இவைதான் பெயரடை. தமிழில் பொருளின் பெயருக்கு முன்னால் வரும். அங்கே பின்னால் வரும். அவ்வளவுதான் விதி.

குளத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு போனஸ் இருக்கிறது. இந்தோனேசிய மொழியில் குளத்துக்குப் பெயர் ‘கோலம்’. வாசலில் போடும் கோலம் அல்ல, நம்ம குளமேதான் கடல் தாண்டிப் போயிருக்கிறது. கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’. சுமத்ரா தீவின் பாரூஸ் பகுதியில் 1088-லேயே தமிழ் வணிகர்கள் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதே தீவில் உள்ள மேடான் நகரின் மாரியம்மன் கோயில் 1884-ல் எழுந்தது. சொற்கள் போனதில் ஆச்சர்யமில்லை.

ஆக, பெரிய குளம் ‘கோலம் பெசார்’. சின்னக் கடை ‘கெடாய் கெச்சில்’. சுடுதண்ணீர் ‘ஆயிர் பானாஸ்’. ஆண், பெண், ஒருமை, பன்மை என்று எதற்காகவும் இந்தச் சொற்கள் மாறுவதில்லை. இந்தியில் ‘படா’வா ‘படீ’யா என்று விழித்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்.

‘இத்து’ என்றால் இது இல்லை!

அடுத்து வருவதில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். ‘இத்து’ என்றால் அது. ‘இனி’ என்றால் இது. ‘ரூமா’ என்பது வீடு.

‘ரூமா பெசார் இத்து’ என்றால், ‘அந்தப் பெரிய வீடு’. வாக்கியம் இன்னும் முடியவில்லை, அந்த வீட்டுக்கு என்ன என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். ‘ரூமா இத்து பெசார்’ என்றால், ‘அந்த வீடு பெரியது’. முடிந்தது. ‘இத்து’ எங்கே உட்காருகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஒன்றைவிட ஒன்று பெரியது என்று சொல்ல ‘லெபே பெசார்’. இருப்பதிலேயே பெரியது ‘பாலிங் பெசார்’. ரொம்பப் பெரியது ‘பெசார் செக்காலி’.

இடம் மாறினால் ஆபத்து

வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் ‘திடாக்’. இல்லை என்று அர்த்தம். கடைசி ‘க்’ தொண்டையோடு நின்றுவிடும்.

‘பத்திரம் இல்லை’ என்று தமிழில் ‘இல்லை’யைப் பின்னால் வைக்கிறோம். அங்கே அது முன்னால் வர வேண்டும்: ‘திடாக் அமான்’. சாரத்தில் ஏறப்போகும் ஒருவரைத் தடுக்க நினைத்து, தமிழ்ப் பழக்கத்தில் ‘அமான் திடாக்’ என்று சொன்னால், ‘பத்திரமா, இல்லையா?’ என்று கேட்பதுபோல ஆகிவிடும். எச்சரிக்கை கேள்வியாக மாறிவிடுகிறது. அவர் ‘அமான், அமான்’ என்று சிரித்துக்கொண்டே ஏறிவிடவும் கூடும். ‘லந்தாய் லிச்சின்’ என்ற போர்டையும் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தரை வழுக்கும் என்று பொருள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் ‘ரூமா சாக்கிட்’. நேராகப் பார்த்தால் ‘நோய் வீடு’, அதாவது ஆஸ்பத்திரி. ஹோட்டலில் வெறும் தண்ணீர் வேண்டுமா? ‘ஆயிர் பூத்தே’ கேளுங்கள். ‘வெள்ளைத் தண்ணீர்’! நாம் ‘பச்சைத் தண்ணி’ என்பதைக் கேட்டால் அவர்களும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

திருடும் பழக்கம் உள்ளவரை ‘கை நீளம்’ என்போமே... அங்கே ‘பாஞ்சாங் தாங்கான்’. ‘பாஞ்சாங்’ நீளம், ‘தாங்கான்’ கை. தலைக்கனம் பிடித்தவர் ‘பெசார் கெப்பாலா’, பெரிய தலை. இந்த மாதிரிச் சொலவடைகளில் மட்டும் பெயரடை முன்னால் வந்துவிடுகிறது.

மலேசியாவில் இருந்துவிட்டு இந்தோனேசியா போகிறவர்கள் இரண்டு சொற்களில் உஷாராக இருக்க வேண்டும். மலாயில் ‘செனாங்’ என்றால் சுலபம், இந்தோனேசியாவில் சந்தோஷம். மலாயில் ‘பெர்ச்சூமா’ என்றால் இலவசம். ஜகார்த்தாவில் அதே சொல்லுக்கு வீண், பிரயோஜனமில்லை என்றுதான் அர்த்தம். கடைக்காரரின் பொருளைக் காட்டி ‘இது பெர்ச்சூமாவா?’ என்று கேட்டுவிடாதீர்கள்!