கருங்கல்லுக்கு அடியில் கிடக்கும் வெப்பம்

2022 ஆம் ஆண்டின் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாம் எவரும் இன்னும் மறக்கவில்லை. எரிபொருளுக்குப் பிறநாட்டின் கையை எதிர்பார்த்திருக்கும் எமக்கு, பூமிக்குள் உள்ள வெப்பத்தை மின்சாரமாக்கும் முயற்சிகள் அக்கறைக்குரியவையே.

எரிமலைகள் இல்லாத பிரதேசங்களிலும் ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உயர்கின்றது. ஆனால் ஐஸ்லாந்தைப் போன்று நீராவி தானாக மேலெழும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. ஏனைய இடங்களில் அவ்வெப்பம் நீர் புகாத கடும்பாறைக்குள் சிறைப்பட்டுள்ளது. அதனைத் துளைப்பது எத்தகைய பாடு என்பதற்கு ரஷ்யாவின் கோலா துளை சான்றாகும். விஞ்ஞான ஆய்வுக்காக 1970 இல் தொடங்கிய அத்துளை 12,262 மீற்றரை எட்ட 1989 ஆம் ஆண்டாயிற்று.

சிக்கல் துளைகருவியின் முனையிலேயே உள்ளது. பழைய உருளை முனைகள் பாறையை நசுக்கி உடைப்பவை; கருங்கல்லில் விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஒவ்வொரு தடவையும் கிலோமீற்றர் கணக்கான குழாய்களைக் கழற்றி மேலே எடுத்து, முனையை மாற்றி, மீண்டும் இறக்க வேண்டும். காசைக் கரைப்பது இந்த ஏற்றியிறக்கலே. செயற்கை வைரம் பதித்த முனைகளோ பாறையைச் சீவிச் செல்கின்றன. எண்ணெய்க் கிணறுகளின் மென்பாறைகளில் பல தசாப்தங்களாகப் பயன்பட்ட இவை கருங்கல்லுக்குத் தாக்குப்பிடிக்கா என்றே கருதப்பட்டது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் நிதியில் யூட்டா மாநிலத்தில் இயங்கும் ஃபோர்ஜ் ஆய்வுக்களத்தில், முனை மீதான பாரத்தையும் சுழற்சியையும் அதிர்வையும் அளந்து சீர்செய்தபோது, அதே வகை முனைகள் கருங்கல்லையும் வேகமாகத் துளைத்தன. அதன் அயலில் பணியாற்றும் ஃபேர்வோ நிறுவனம், கிணறு ஒன்றின் செலவு 94 இலட்சம் டொலரிலிருந்து 48 இலட்சமாகக் குறைந்துள்ளதாக 2024 இல் அறிவித்தது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கூறும் கணக்கு இது என்பதையும் வாசகர்கள் மனதிற் கொள்வது நன்று.

முனையே இல்லாமல், நுண்ணலை போன்ற மில்லிமீற்றர் அலைகளால் பாறையை உருக்கித் துளையிடும் முறையை க்வைஸ் என்ற நிறுவனம் பரீட்சித்து வருகின்றது. 2025 இல் டெக்ஸாஸ் கருங்கல்லில் அது எட்டிய ஆழம் 100 மீற்றரளவே. கோலாவை எண்ணினால் இது ஆரம்பப் படிதான்.

துளையிட்டால் மட்டும் போதாது. நீரை அழுத்தத்துடன் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்கினாலே வெப்பத்தை மேலே கொணரலாம். ஆபத்தும் இங்குதான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத் திட்டம் 2006 இல் ஏற்பட்ட நில அதிர்வுகளால் இடைநிறுத்தப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங் நகரை 2017 இல் உலுக்கிய 5.5 அளவு பூகம்பத்தை இத்தகைய நீர் செலுத்தலே தூண்டியது என அரசு நியமித்த குழு 2019 இல் முடிவுசெய்தது.

இலங்கையின் பெரும்பகுதி தொன்மையான கடும்பாறையே. கன்னியா, மகா ஓயா வெந்நீரூற்றுகளுக்கு எரிமலை காரணமன்று; பாறைப் பிளவுகளூடாக ஆழத்துக்கு இறங்கிய நீர் சூடேறி மீள்வதே காரணம். எனினும் யூட்டாவில் சுமார் இரண்டரைக் கிலோமீற்றரில் கிடைக்கும் 200 பாகை வெப்பத்துக்கு, மேற்கூறிய சராசரிப்படி இங்கு ஆறு கிலோமீற்றருக்கும் அதிகமாக இறங்க நேரிடும். இன்றைய செலவில் அதற்கு எந்த முதலீட்டாளரும் முன்வருவார் என நாம் நம்பவில்லை.